கனம் எந்தப் பக்கம்? மேடைக்கு மேலே தொங்குவதைக் கையாளும் விதம்

வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் வாரத்தில் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அக்கா, லாக் போட்டாச்சுன்னா நிக்கும்ல?"

நிற்காது. லாக் என்பது மேடைக்கு மேலே தொங்குவதை ஏற்றி இறக்கும் கைக்கயிற்றைக் கவ்வும் பிடி. அதை நம்ப வேண்டிய அவசியமே வராதபடி நீங்கள் வேலை செய்திருந்தால் மட்டும் நிற்கும். இது புரிந்துவிட்டால் மேடைக் கயிறு வேலையில் பாதி புரிந்த மாதிரி. 17 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். வலது உள்ளங்கையில் குறுக்காக ஒரு தழும்பு இருக்கிறது. அந்தக் கதை கொஞ்சம் தள்ளி வரும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் தனியாகப் போய் ஒரு பாரை (விளக்கும் திரையும் மாட்டும் இரும்புக் குழாயை) ஏற்றி இறக்க வேண்டாம். கூரை எவ்வளவு தாங்கும் என்பதைப் பொறியாளர் சொல்ல வேண்டும். கயிறு கையில் எப்படிப் பேசும் என்பதைப் பழகியவர் ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லித்தர வேண்டும். அவர் சொல்லும்போது ஏன் அப்படிச் சொல்கிறார் என்று உங்களுக்குப் பிடிபட வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

கிணற்றுக் கப்பியும் தராசும்

கிணற்றில் தண்ணீர் இறைக்கும்போது குடத்தின் கனம் முழுக்கக் கையில் இருக்கும். கைப்பக்கக் கயிற்றில் குடத்துக்குச் சமமான ஒரு கல்லைக் கட்டிவிட்டால்? ஒரு விரலால் தள்ளினாலே குடம் ஏறும், இறங்கும், விட்ட இடத்தில் நிற்கும். மேடையின் எதிர் எடை முறை இவ்வளவுதான்.

இப்போது கழுத்தை நிமிர்த்தி மேடைக்கு மேலே பாருங்கள். பார்வையாளருக்குத் தெரியும் திறப்பைப்போல இரண்டரை மடங்கு உயரத்துக்கு ஒரு வெற்றுக் கூடு இருக்கும். அதன் உச்சியில் இரும்புச் சட்டங்களால் ஆன தளம். அதை கிரிட் என்போம். மேடையின் குறுக்கே வரிசையாகத் தொங்கும் இரும்புக் குழாய்கள்தான் பார்கள். விளக்கு, படுதா, தட்டி எல்லாம் இவற்றில்தான் மாட்டப்படும். ஒவ்வொரு பாரிலிருந்தும் நாலைந்து கம்பிக்கயிறுகள் மேலே போய், கிரிட்டில் உள்ள தனித்தனிக் கப்பிகளில் திரும்பி, பக்கச் சுவருக்கு மேல் உள்ள ஒரு பெரிய கப்பியில் ஒன்றுசேர்ந்து கீழே இறங்கும். அந்த முனையில் ஒரு சட்டம். ஆர்பர் என்பது அதன் பெயர், நாங்கள் எடைக்கூண்டு என்போம். கூண்டில் இரும்புக் கட்டிகளை அடுக்குவோம். பார் கீழே வந்தால் கூண்டு மேலே போகும். பார் மேலே போனால் கூண்டு கீழே வரும்.

கையால் இழுக்க ஒரு கயிறு வேண்டும் அல்லவா? அது கூண்டின் தலையில் ஆரம்பித்து, மேலே பெரிய கப்பியைச் சுற்றி, கீழே லாக் வழியாக இறங்கி, தரையோரக் கப்பியைச் சுற்றிக்கொண்டு மறுபடி கூண்டின் அடியில் வந்து சேரும். முன்கயிற்றை இழுத்தால் பார் இறங்கும். பின்கயிற்றை இழுத்தால் பார் ஏறும். புதியவர்கள் இதை மாற்றி மாற்றிச் செய்வார்கள். ஒரு மாதம் ஆனால் கையே பழகிவிடும், யோசிக்க வேண்டியிருக்காது.

பக்கச் சுவரில் முழு உயரத்துக்கு இடமில்லாத அரங்குகளில் இரட்டைக் கப்பி முறை வைத்திருப்பார்கள். கூண்டு பாதித் தூரம்தான் ஓடும், அதனால் எடை இரண்டு மடங்கு போட வேண்டும். 100 கிலோ தொங்கினால் கூண்டில் 200 கிலோ. வேறு அரங்குக்கு வேலைக்குப் போனால் நான் முதலில் கேட்கும் கேள்வி "ஒற்றையா, இரட்டையா?" என்பதுதான்.

எதை முதலில் ஏற்றுவது

என் மேஸ்திரி ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு எங்களை வறுத்தெடுப்பார். "இப்ப கனம் எந்தப் பக்கம்? அது விழுந்தா எங்க போவும்?" கைவேலையை நிறுத்திவிட்டுப் பதில் சொல்ல வேண்டும். அப்போது எரிச்சலாக இருக்கும். இப்போது நானும் அதையேதான் கேட்கிறேன்.

இரண்டு பக்கமும் சமமாக இருக்கும்வரை எந்தப் பிரச்சினையும் இல்லை. ஏற்றும்போதும் கழற்றும்போதும்தான் சமநிலை குலையும், அதைத் தவிர்க்கவும் முடியாது. அந்த நேரத்தில் கனமான பக்கம் ஏற்கெனவே கீழே இருக்க வேண்டும். அதற்கு மேல் விழ அதற்கு இடமே இருக்கக்கூடாது.

அதனால் ஏற்றும்போது: பாரை முழுக்க இறக்குங்கள். கூண்டு இப்போது உச்சியில், அதன் மேல் தடுப்பில் முட்டி நிற்கும். முதலில் பாரில் விளக்குகளை மாட்டுங்கள். கனம் பார்ப்பக்கம் போய்விட்டது, ஆனால் கூண்டு இனி மேலே ஏற முடியாது என்பதால் பாராலும் கீழே போக முடியாது. அது முடிந்த பிறகுதான் மேல் மாடத்தில் (கூண்டு உச்சியில் நிற்கும் உயரத்தில் சுவரோரம் உள்ள நடைமேடையில்) இருப்பவருக்குக் குரல் கொடுத்து, கூண்டில் கட்டி வைக்கச் சொல்ல வேண்டும்.

கழற்றும்போது நேர்மாறு. பாரை இறக்கி, முதலில் மாடத்தில் கட்டிகளை எடுக்க வேண்டும். எடுத்து முடித்தோம் என்று மேலிருந்து பதில் வந்த பிறகுதான் பாரில் கை வைக்க வேண்டும்.

இதை மாற்றிச் செய்தால் என்ன ஆகும்? விளக்கை முதலில் கழற்றிவிட்டீர்கள். இப்போது உச்சியில் இருக்கும் கூண்டு கனமாகிவிட்டது. அது கீழே வர முழு உயரமும் காலியாகக் கிடக்கிறது. தடுத்துக்கொண்டிருப்பது லாக் மட்டும். இந்த லாக் ஒரு கயிறு நழுவாமல் பிடிக்கும் கவ்விதான், பிரேக் அல்ல. சுமார் 20 கிலோ வித்தியாசத்தைத் தாங்குவதற்குத்தான் அது இருக்கிறது. நீங்கள் கழற்றியதோ 90 கிலோ.

என் கைத்தழும்பு இப்படித்தான் வந்தது. வேலைக்கு வந்த இரண்டாவது வருடம், நிகழ்ச்சி முடிந்த நடுராத்திரி. லாரி வெளியே காத்திருக்கிறது, எல்லாருக்கும் அவசரம். மாடத்தில் கட்டி எடுத்துக்கொண்டிருந்தவர் பக்கத்துப் பாரின் கட்டிகளை எடுத்துக்கொண்டிருந்தார். நான் "எடுத்தாச்சா?" என்று கேட்டேன், மேலிருந்து "ஆச்சு" என்றார். எந்தப் பார் என்று நானும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. கீழே இரண்டு பேர் படபடவென்று விளக்குகளைக் கழற்றினார்கள். ஐந்தாவது விளக்கு இறங்கும்போது லாக்கிலிருந்து ஒரு முனகல் சத்தம் வந்தது. கயிறு அங்குலம் அங்குலமாக நகர ஆரம்பித்தது. நான் செய்யக்கூடாததைச் செய்தேன். கயிற்றைப் பிடித்தேன்.

ஒரு நொடிகூட இருக்காது. கையுறை எரிந்த வாசனை வந்தது, பிறகுதான் வலி. பார் என் தலைக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. கூண்டு கீழ்த் தடுப்பில் மோதிய அதிர்ச்சியில் மேலடுக்குக் கட்டிகள் இரண்டு துள்ளி வெளியே விழுந்தன. ஒன்று நான் வழக்கமாகத் தண்ணீர் பாட்டில் வைக்கும் இடத்தில். மேலே பார் கிரிட்டில் இடித்து, ஒரு கம்பிக்கயிறு கப்பியிலிருந்து விலகிப் போயிருந்தது. யாருக்கும் பெரிய அடி இல்லை. மேஸ்திரி என் கையைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டே, "ஓடுற கயித்தப் பிடிக்கிறவ பொழைக்க மாட்டா. சத்தம் போட்டுட்டு ஓடணும்," என்றார். திட்டவில்லை. அதுதான் இன்னும் உறைக்கிறது.

ஆகவே ஓடும் கயிற்றை விட்டுவிடுங்கள். கத்துங்கள். கூண்டுகள் இருக்கும் சுவரிலிருந்தும், பாருக்கு நேர் கீழேயிருந்தும் விலகி ஓடுங்கள். பாரை மாற்றி வாங்கலாம்.

அன்றிலிருந்து எங்கள் குழுவில் "ஆச்சு" என்று மொட்டையாக யாரும் சொல்வதில்லை. "பார் 7, கட்டி ஒம்பது எடுத்தாச்சு" என்பதுதான் பதில். கேட்டவர் "பார் 7, ஒம்பது" என்று திருப்பிச் சொல்ல வேண்டும்.

கட்டிகளை அடுக்குவதிலும் ஒழுங்கு உண்டு. முதலில், காலிப் பாரின் எடைக்கு ஈடாக எப்போதும் கூண்டிலேயே இருக்கும் கட்டிகள். 48 மி.மீ. குறுக்களவும் 3.7 மி.மீ. சுவரும் உள்ள இரும்புக் குழாய் மீட்டருக்கு 4 கிலோ வரும். 12 மீட்டர் பார் என்றால் குழாய் மட்டுமே 48 கிலோ. இந்தக் கட்டிகளுக்கு நாங்கள் மஞ்சள் அடித்து வைத்திருக்கிறோம், தப்பித்தவறிக்கூட யாரும் எடுக்காமல் இருக்க. அதன் மேல் அன்றைய சுமைக்கான கட்டிகள். சுமார் 60 செ.மீ.க்கு ஒரு தகடு, கூண்டின் இரண்டு நிமிர்கம்பிகளையும் சேர்த்துப் பிடித்தபடி இருக்க வேண்டும். திடீரென்று மோதினால் அந்தக் கம்பிகள் வெளிப்பக்கம் வளைந்து கட்டிகளைக் கக்கிவிடும், தகடுதான் அதைத் தடுக்கும். எல்லாவற்றுக்கும் மேலே பூட்டு வளையம், திருகு இறுக்கப்பட்டு. அன்று என் கூண்டில் வளையம் மேலே தூக்கிக் கிடந்தது. அதனால்தான் இரண்டு கட்டிகள் துள்ளின.

மாடத்தில் கட்டி ஏற்றும்போது அதற்குக் கீழே ஒருவரும் நிற்கக்கூடாது. கட்டிகளை மாடத்தின் கால்தடுப்புப் பலகைக்கு மேல் உயர அடுக்கக்கூடாது. கைப்பிடிக் கம்பியின் மேல் ஒரு நொடிகூட வைக்கக்கூடாது. ஒரு தடவைக்கு ஒரு கட்டி. இரண்டு சேர்த்துத் தூக்குகிற பலசாலிகள்தான் எனக்குப் பயம்.

துணி ஏமாற்றும்

விளக்கு நேர்மையானது. 9 கிலோ என்றால் தரையிலும் 9 கிலோ, மேலேயும் 9 கிலோ. துணி அப்படியில்லை.

12 மீட்டர் அகலம், 6 மீட்டர் உயரம் உள்ள கறுப்பு வெல்வெட் திரை ஒன்றை மாட்டப்போகிறீர்கள் என்று வையுங்கள். மடிப்பு விழுவதற்காக இரட்டை அகலத் துணி வைத்துத் தைத்திருப்பார்கள். 24 பெருக்கல் 6, 144 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 500 கிராம் துணி என்றால் 72 கிலோ. அடியில் கோத்த சங்கிலி தனி. 10 கிலோ கட்டி ஏழு போட்டால் கிட்டத்தட்ட சரியாக வரும்.

கணக்கு சரி. ஆனால் பாரை இறக்கித் திரையைக் கட்டியபோது துணி எங்கே இருக்கிறது? தரையில் குவிந்து கிடக்கிறது. பாரில் தொங்குவது அதிகபட்சம் ஒன்றரை மீட்டர் துணி, பதினெட்டு கிலோ. நீங்கள் ஏழு கட்டியையும் கூண்டில் போட்டுவிட்டால் அந்த நொடியில் கூண்டுப்பக்கம் 50 கிலோவுக்கு மேல் கனம். கூண்டோ உச்சியில். மேஸ்திரியின் கேள்விக்குத் தவறான பதில் இதுதான். நீங்கள் ஏற்றும் வரிசையைச் சரியாகத்தான் செய்தீர்கள், இருந்தும் மாட்டிக்கொண்டீர்கள்.

வழி என்ன? கூண்டு ஓடும் சுவரில் இடைமாடம் இருந்தால், முதலில் இரண்டு கட்டி மட்டும் போட்டு, பாரைக் கொஞ்சம் ஏற்றி, துணி மேலே எழும்ப எழும்ப இடைமாடத்தில் மீதியைப் போடலாம். இடைமாடம் இல்லாவிட்டால் மொத்தக் கட்டியையும் போட்டுவிட்டு, கைக்கயிற்றை இரண்டு மூன்று பேர் பிடித்துக்கொண்டு, ஆரம்பத்தில் பார் பாய்ந்து ஏறாமல் அடக்கி விட வேண்டும். கனமான அரங்கத் தட்டியாக இருந்தால் மனிதக் கை போதாது. பாரிலிருந்து தனிக் கயிறு போட்டு வின்ச்சில் (கயிறு சுற்றும் உருளைப்பொறியில்) சுற்றித்தான் கட்டுப்படுத்த வேண்டும். ஐம்பது கிலோவை மூன்று பேர் அடக்கலாம். நூற்றைம்பதை எத்தனை பேர் பிடித்தாலும் சரிப்பட்டு வராது.

இன்னொன்று. நிகழ்ச்சியின் நடுவில் பாரை இறக்கும்போது திரையின் அடி தரையைத் தொட்டதும் கையில் கயிறு கனக்க ஆரம்பிக்கும். பயப்பட வேண்டாம், துணியின் எடையைத் தரை வாங்கிக்கொண்டது. ஆனால் தரையைத் தொடாத உயரத்தில் அப்படிக் கனத்தால் உடனே நிறுத்துங்கள். எங்கோ எதன் மீதோ பார் உட்கார்ந்துவிட்டது.

லாக்கைத் திறப்பது

நேற்று நீங்களே பூட்டிய லாக்காக இருந்தாலும் இன்று சந்தேகத்தோடுதான் திறக்க வேண்டும். இடையில் யாராவது ஒரு விளக்கைக் கழற்றியிருக்கலாம்.

நான் செய்வது இது. லாக்குக்கு மேலே முன்கயிறையும் பின்கயிறையும் இடது கையால் சேர்த்துப் பிடித்து நெருக்குவேன். சந்தேகம் பலமாக இருந்தால் ஒரு குட்டைத் தடியை இரண்டு கயிற்றுக்கும் நடுவே கொடுத்து ஒரு முறுக்கு முறுக்குவேன். முறுக்கிய கயிறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். பிறகு லாக்கின் கைப்பிடியை முழுதாகத் தள்ளாமல் பாதி திறந்து பார்ப்பேன். கயிறு எந்தப் பக்கம் போக ஆசைப்படுகிறது என்று உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தளர்வாக இருந்தால் சமநிலை. ஒரு பக்கம் விறைத்து நின்றால் லாக்கைத் திரும்பப் போட்டுவிட்டு மாடத்துக்கு ஆள் அனுப்புவேன்.

திறந்த பிறகு கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ சுற்றிக்கொள்ளாதீர்கள். சொல்லவே தேவையில்லாத விஷயம் என்று நினைப்பேன், ஆனாலும் வருடத்துக்கு ஒருவரைப் பார்க்கிறேன்.

பாரை நகர்த்துவதற்கு முன் உரக்கச் சொல்லுங்கள்: "பார் 12 இறங்குது, நடு மேடை!" மேடையில் இருக்கும் ஒருவர் "சரி" என்று பதில் தரும்வரை கையை அசைக்க வேண்டாம். நகரும் பாரிலிருந்து கண்ணை எடுக்கவும் வேண்டாம். உங்களுக்குத் தெரியாத மூலையில் அது இருந்தால், தெரிகிற இடத்தில் ஒருவரை நிறுத்துங்கள்.

மேடையில் விசில் அடிக்கக்கூடாது என்று பழைய ஆட்கள் கடிந்துகொள்வார்கள். பாய்மரக் கப்பலில் வேலை பார்த்தவர்கள் மேடைக் கயிறு வேலைக்கு வந்த காலத்தில் விசில்தான் சைகை, தெரியாமல் அடித்தால் தலையில் பார் இறங்கும் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, நானும் அடிப்பதில்லை.

சின்னச் சின்ன இரும்பு

பார், கூண்டு எல்லாம் பெரிய விஷயங்கள், கண்ணில் படும். விபத்து வருவது பெரும்பாலும் கைக்குள் அடங்கும் பொருள்களிலிருந்து.

ஷாக்கிளை எடுங்கள், குறுக்கே ஆணி போட்டு மூடும் U வடிவ இரும்பு வளையம் அது. உடம்பில் தாங்கும் எடை பொறித்திருக்கும். பொறிப்பு இல்லாததை, அழிந்துபோனதை, நான் தொங்கவிடப் பயன்படுத்துவதில்லை. கதவுக்குத் தாழ்ப்பாளாக வைத்துக்கொள்ளலாம். இழுவிசை வளைவின் நடுவிலும் ஆணியின் நடுவிலும் இருக்க வேண்டும், பக்கவாட்டில் இழுத்தால் பொறித்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை. நிரந்தரமாகத் தொங்கப்போகிறது என்றால் திருகாணி தானே கழலாதபடி கம்பி போட்டுக் கட்டுங்கள்.

கம்பிக்கயிற்றை மடக்கி யு-போல்ட் கிளிப் போடும்போது நடக்கும் தப்பு ஒன்று உலகம் முழுக்க ஒரே மாதிரி. கிளிப்பில் இரண்டு பாகம்: பள்ளம் வெட்டிய சேணம், வளைந்த போல்ட். சேணம் சுமை தாங்கும் கயிற்றின் மேல் உட்கார வேண்டும். வளைந்த போல்ட் வெட்டிய முனையின் மேல் வர வேண்டும். போல்ட் கயிற்றை நசுக்கும், நசுங்கினாலும் பரவாயில்லாத பக்கம் வெட்டிய முனைதான். ஒன்றை இப்படி, ஒன்றை அப்படி என்று அழகுக்காக மாற்றி மாற்றிப் போட்டிருந்தால் அவிழ்த்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். சுமை ஏற்றிய பிறகு நட்டுகளை மறுபடி ஒரு தடவை இறுக்க வேண்டும், ஏனென்றால் இழுபட்ட கயிறு கொஞ்சம் மெலியும். எத்தனை கிளிப், எவ்வளவு இடைவெளி என்பதற்குத் தயாரிப்பாளரின் அட்டவணையைப் பாருங்கள்.

கம்பிக்கயிறு அறுகும் எடை என்று ஒன்று இருக்கும், நீங்கள் தொங்கவிடக்கூடிய எடை வேறு. 2,000 கிலோவில் அறுகும் கயிறு என்றால் மேடை வேலையில் 8ஆல் வகுத்து 250 என்று வைத்துக்கொள்வது பரவலான வழக்கம். ஆள் தலைக்கு மேல் என்றால் 10ஆல் வகுப்பவர்களும் உண்டு. "இது அநியாயத்துக்கு அதிகமா இருக்கே" என்று ஒரு பையன் கேட்டான். ஒரு பொருள் 1 மீட்டர் விழுந்து 10 செ.மீ.க்குள் நின்றால், நிற்கும் அந்தக் கணத்தில் கயிற்றில் ஏறும் சராசரி விசை அதன் எடையைப்போல 11 மடங்கு. 50 கிலோ 550 ஆகிவிடும். வகுத்து வைத்த மீதி இதற்காகத்தான்.

சாதாரணக் கயிற்றில் முடிச்சு போட்டாலே அதன் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கால் ஸ்லிங்கில் (மேலே ஒரே இடத்தில் சேர்ந்து, கீழே சுமையை இரண்டு இடத்தில் பிடிக்கும் கயிற்றில்) ஒரு சுமையைத் தொங்கவிடும்போது கால்களுக்கு நடுவே உள்ள கோணத்தைக் கவனியுங்கள். 100 கிலோ சுமை. கால்கள் செங்குத்தாக இருந்தால் ஆளுக்கு 50. நடுக்கோணம் 60 பாகை ஆனால் 58. 90 பாகையில் 71. 120 பாகையில் ஒவ்வொரு காலிலும் முழுசாக 100. 150க்குப் போனால் 193. துணி காயப்போடும் கொடியை விறைப்பாகக் கட்ட கட்ட அறுந்து விழுவதும் இதே கணக்குதான். உயரம் குறைவு என்று ஸ்லிங்கை அகட்டிப் போடுகிறவர்களிடம் நான் இந்த எண்களைச் சுவரில் சாக்பீஸால் எழுதிக் காட்டுவேன். 120ஐத் தாண்ட விடமாட்டேன், 90க்குள் வைத்தால் நிம்மதி.

மாதம் ஒருமுறை கம்பிக்கயிறுகளை முழு நீளத்துக்கும் பார்க்கிறேன். வெறும் கையால் தடவாதீர்கள். பழைய பருத்தித் துணியைச் சுற்றிப் பிடித்து மெதுவாக இழுங்கள், அறுந்த இழை இருந்தால் துணியில் மாட்டும். ஒரு புரி (இழைகளைச் சேர்த்து முறுக்கிய ஒரு கற்றை) ஒரு முழுச் சுற்று வரும் நீளத்துக்குள் மொத்தம் 6 இழை, அல்லது ஒரே புரியில் 3 இழை அறுந்திருந்தால் அந்தக் கயிறு முடிந்தது. மடிந்த சுளுக்கு, கூடுபோல உப்பிய இடம், துரு, ஓரிடத்தில் மெலிவு, இவற்றில் எது இருந்தாலும் எண்ணிக்கொண்டிருக்கவே வேண்டாம், கழற்றிவிடுங்கள். கழற்றியதை அந்த இடத்திலேயே துண்டு துண்டாக வெட்டிவிடுங்கள். முழுதாகக் கிடந்தால் யாரோ ஒருவர் "நல்லாத்தானே இருக்கு" என்று எடுத்துப்போய்க் கட்டுவார்.

பட்டன் வைத்த பார்

மோட்டார் வந்ததும் இந்தக் கவலையெல்லாம் தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். கயிறு கையில் இருந்தபோது ஒரு நன்மை இருந்தது. பார் எதிலாவது மாட்டினால் உள்ளங்கை சொல்லும். மோட்டாருக்கு உள்ளங்கை இல்லை. 500 கிலோ தூக்கும் மோட்டார், பக்கத்துப் பாரின் கேபிளில் சிக்கினால் அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டே போகும். அதனால் பட்டனை விட்டதும் நிற்கும் வகையே வேண்டும், அழுத்துகிறவரின் கண் பாரில் இருக்க வேண்டும். அவசர நிறுத்தப் பொத்தானை தினமும் ஒரு காலிப் பாரில் அழுத்திப் பாருங்கள். மேல் எல்லை, கீழ் எல்லை சுவிட்சுகளையும் அப்படியே.

செயின் ஹாய்ஸ்டில் (சங்கிலியால் தூக்கும் பொறியில்) ட்ரஸ், அதாவது குழாய்களைக் கோத்துச் செய்த நீளச் சட்டம், தூக்கும்போது எல்லாரும் போடும் தப்புக்கணக்கு ஒன்று. நீளவாக்கில் சீராகப் பரவிய 600 கிலோ, மூன்று ஹாய்ஸ்ட், இரண்டு முனையிலும் நடுவிலும். ஆளுக்கு 200 என்பார்கள். இல்லை. நடு ஹாய்ஸ்ட் 62.5 சதவீதத்தை வாங்கும், அதாவது 375 கிலோ. முனைகளுக்கு 112.5 கிலோதான். மூன்றும் ஒரே மட்டத்தில் இருக்கும்போதே இப்படி. நடு ஹாய்ஸ்ட் ஒரு விரற்கடை முந்தி ஏறினால் இன்னும் கூடும். 250 கிலோ ஹாய்ஸ்ட் மூன்று போதும் என்று கணக்கு போட்டவர் நடுவில் மாட்டிக்கொள்வார்.

ஆளைத் தூக்கிப் பறக்கவிடுவதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அது தனித் தொழில், தனிக் கருவி, தனிப் பயிற்சி. விளக்குக்குக் கட்டிய பாரில் நடிகரைத் தொங்கவிடக் கேட்டால் முடியாது என்று சொல்லுங்கள், இயக்குநர் முகம் சுளித்தாலும்.

விழுவது கயிறு மட்டும் அல்ல

15 மீட்டர் கிரிட்டிலிருந்து ஒரு ஸ்பேனர் நழுவினால் தரைக்கு வர இரண்டு நொடிகூட ஆகாது. வரும்போது வேகம் மணிக்கு 60 கி.மீ.க்கு மேல். அதனால் மேலே ஏறும் முன் சட்டைப்பை, பேன்ட்பை எல்லாம் காலி. போனும் கீழே. கருவிகள் எல்லாம் மணிக்கட்டிலோ இடுப்பிலோ கயிற்றால் கட்டியிருக்க வேண்டும். மேலே ஆள் இருக்கும்போது கீழே தலைக்கவசம். ஏதாவது நழுவினால் "தலை!" என்று ஒரே சொல். அதைக் கேட்டால் நிமிர்ந்து பார்க்காதீர்கள், முகம்தான் முதலில் அடி வாங்கும். குனிந்து தலையை மூடிக்கொண்டு பக்கத்துக்கு விலகுங்கள்.

ஒவ்வொரு விளக்குக்கும் கவ்வியைத் தவிர ஒரு பாதுகாப்புக் கம்பி உண்டு. அதைப் பாரைச் சுற்றியும் விளக்கின் சட்டத்தைச் சுற்றியும் தொங்கல் இல்லாமல் போடுங்கள். நீளமாகத் தொங்கவிட்டால் மேலே சொன்ன 11 மடங்கு கதைதான்.

மேடைக்கும் பார்வையாளருக்கும் நடுவே இறங்கும் தீத்திரை, நாங்கள் தொடும் கயிறுகளிலேயே மிக மௌனமானது. 1903 டிசம்பர் 30 அன்று சிகாகோவின் இரோகுவா தியேட்டரில் தீப்பிடித்தபோது அந்தத் திரை இறங்கும் வழியில் சிக்கிப் பாதியில் நின்றுவிட்டது. குறைந்தது 602 பேர் இறந்தார்கள். தப்பிக்கும் வழிகள் பூட்டியும் மறைத்தும் கிடந்ததும் சேர்ந்துதான் அந்த எண்ணிக்கை. அந்தத் திரை இறங்கும் கோட்டில் ஒரு நாற்காலி, ஒரு பெட்டி, ஒரு கேபிள்கூட இருக்கக்கூடாது. அங்கே மேசை வைத்துக் காப்பி குடித்துக்கொண்டிருந்த ஒரு குழுவை நான் எழுப்பி விட்டிருக்கிறேன். கோபித்துக்கொண்டார்கள்.

ராத்திரி வேலை முடிந்ததும் லாக் வரிசையில் ஒவ்வொரு பாருக்கும் ஒரு அட்டை மாட்டுகிறோம். பார் எண், என்ன தொங்குகிறது, எத்தனை கட்டி, யார் போட்டது, தேதி. மறுநாள் காலையில் முதலில் வருகிறவர் மாடத்துக்கு ஏறி, கூண்டுகளில் உள்ள கட்டிகளை எண்ணி அட்டையோடு ஒத்துப்பார்ப்பார். அட்டையில் ஒன்பது, கூண்டில் எட்டு என்று வந்தால் அந்த லாக்கில் சிவப்பு நாடாவைக் கட்டிவிட்டு, அட்டையில் கையெழுத்துப் போட்டவருக்குப் போன் அடிக்க வேண்டும். அவர் வந்து சேரும்வரை அந்தப் பாரை யாரும் தொடுவதில்லை.